துவர்த் தேறல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்க இலக்கியம் காட்டும் அயல்நாட்டுப் பொருள்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பொருள்கள் பல, எனக்கு அளிக்கப்பட்டிருப்பதோ முக்கால் மணி நேரம். கடல்வழி வந்த குதிரையையும், மிளகுக்கு ஈடாக வந்த பொன்னையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் கையிலிருக்கும் பொற்கிண்ணம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் அவனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிட்டுப் பாடிவிட்டு, இறுதியில் அவனை மகிழ்ந்திருக்குமாறு வாழ்த்துகிறார். அந்த மகிழ்ச்சிக்கு அவர் காட்டும் அடையாளம், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் நாள்தோறும் பொற்கலத்தில் ஏந்தி ஊட்டுவது.

உரைகாரர்கள் இந்த இடத்தில் நின்று ஆராய்ந்தது 'கலம்' என்ற சொல்லைத்தான். கலம் என்பது மரக்கலமும் ஆகும், மட்கலமும் ஆகும். யவனர் நல்ல கப்பலில் கொணர்ந்தார்களா, நல்ல பாண்டத்தில் கொணர்ந்தார்களா? பழைய உரைகாரர் குப்பி என்றே பொருள் கொண்டார். அந்த வழக்கு அப்படியே இருக்கட்டும். அந்தக் குப்பிக்குள் இருந்தது என்ன, எந்தக் கொடியின் கனி, எந்த மண்ணில் விளைந்தது, வெள்ளையா சிவப்பா, எதனோடு உண்ணத் தக்கது என்று கேட்டவர்கள் குறைவு. "அது மது, அவ்வளவுதானே" என்று கடந்துவிடுகிறோம். அந்த 'அவ்வளவுதானே' என்பதில் தமிழுக்கு ஓர் இழப்பு இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. குடிப்பதற்குப் பரிந்துரை செய்ய நான் வரவில்லை. சொல்லுக்குப் பரிந்து பேச வந்திருக்கிறேன்.

முதலில் நம்முடைய சொற்களைப் பார்ப்போம். கள், மட்டு, நறவு, தோப்பி, பிழி, அரியல், வேரி, தேறல், மது என்று பழைய நூல்களில் சொற்கள் நிரம்பிக் கிடக்கின்றன. நிகண்டுகள் இவற்றை ஒரே கயிற்றில் கட்டி, எல்லாம் கள்ளின் பெயர் என்று முடித்துவிடுகின்றன. ஆனால் பாட்டுகளைப் படித்தால் அவை ஒரே பொருள் அல்ல என்பது தெரியும். 'பிழி' பிழிந்து எடுத்தது. 'அரியல்' அரித்து எடுத்தது. 'தேறல்' தேறியது, அதாவது கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது. இவை ஒவ்வொன்றும் ஒரு செய்முறையின் பெயர். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு முழுச் செய்முறையையே தந்திருக்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயுள்ள சாடியில் இட்டு, வெந்நீர் கலந்து விரலால் அலைத்துப் பிழிவது. முளைத்த தானியத்திலிருந்து சர்க்கரை பிறந்து, சர்க்கரையிலிருந்து வெறிப்பொருள் பிறக்கும் இந்த வழியைத்தான் உலகின் பீர் வடிப்போர் எல்லாம் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

புறநானூற்றின் 120ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்பு நாட்டில் நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டின் தெளிவைச் சொல்கிறார். இதை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. தென்னங்கள்ளும் பனங்கள்ளும் இறக்கிய சில மணி நேரத்தில் பொங்கி, மறுநாளே புளித்துக் காடியை நோக்கிச் செல்பவை. நாட்கணக்கில் மண்ணுக்குள் இருந்து முதிரக்கூடிய ஒன்று, வெறும் மரத்துக் கள்ளாக இருந்திருக்க முடியாது என்பது என் துணிபு. அரிசியோ, தேனோ, கனியோ அதில் சேர்ந்திருக்க வேண்டும். ஏறத்தாழ அதே நூற்றாண்டுகளில் இத்தாலியில் வெசூவியசு எரிமலையின் அடிவாரத்திலும் இதே காட்சியைக் காணலாம். பொஸ்கோரியாலே என்ற ஊரில் கி.பி. 79ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பலில் மூழ்கிப் பின்னர் தோண்டியெடுக்கப்பட்ட ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில், 18 பெரிய சாடிகள் கழுத்தளவு மண்ணில் புதைந்து நிற்கின்றன. திராட்சைச் சாறு அவற்றில்தான் நொதித்தது. மண் வெப்பத்தை ஏறவிடாது. நொதிப்பு நிதானமாக நடக்கும். பறம்பு மலைக் குறவனும் கம்பானியாப் பண்ணையாளும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே அறிவைப் பெற்றிருந்தார்கள்.

பட்டினப்பாலை இன்னும் நுட்பமானது. சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடம் தாண்டினால் எட்டிவிடும் புகாரைப் பாடும் அந்த நூலில், மகளிர் மட்டை விலக்கி மதுவை மகிழ்ந்து உண்டார்கள் என்று வருகிறது. மட்டு வேறு, மது வேறு என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. துறைமுக நகரத்து மாடத்தில் உள்நாட்டுப் பானத்தை விலக்கி அவர்கள் எடுத்துக்கொண்ட அந்த மது எங்கிருந்து வந்தது என்று பாட்டு சொல்லவில்லை. சொல்லாததை நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கும் நா அங்கே இருந்தது என்பது உறுதி.

இனி யவனர் குப்பிக்கு வருவோம். அதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இந்த ஊரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. செங்கடற் பயண நூலாகிய பெரிப்ளுஸ், கீழைக் கடற்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்ற மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறது. இவற்றுள் பொதுகே புதுச்சேரியை ஒட்டிய இந்த அரிக்கமேடு என்றும், சோபட்மா சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமாகிய மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கொள்வர். 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தார். அவருக்குப் பின் 1940களின் இறுதியில் கசால் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்தார். இரண்டு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட 'ஆம்போரா' என்னும் சாடிகளின் உடைந்த ஓடுகள் இங்கே மிகுதியாகக் கிடைத்தன. பின்னர் 2007 முதல் கேரளத்துப் பட்டணத்தில் நடந்த அகழாய்வு எண்ணிக்கையில் அரிக்கமேட்டை மிஞ்சிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழில் எழுதுவோர் இந்தச் சாடியை 'மதுச்சாடி' என்று பெயரிட்டார்கள். அது முழுமையாகச் சரியன்று. எலிசபெத் லைடிங் வில் என்ற அம்மையார் அரிக்கமேட்டு ஓடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பல சாடிகளில் திராட்சைத் தேறல் வந்தது உண்மையே என்றாலும், சிலவற்றில் ஒலிவ எண்ணெயும், இன்னும் சிலவற்றில் 'காரும்' என்ற மீன் குழம்பும் வந்தன என்று காட்டினார். மீனை உப்பிட்டு வெயிலில் வைத்து வடிக்கும் அந்தக் குழம்பின் மணம் நம் தேவனாம்பட்டினத்துக் கருவாட்டுக் களத்திற்குப் புதியதாக இருந்திராது! மேலும் 2007இல் ரொபர்ட்டா டோம்பர் என்ற ஆய்வாளர், இந்தியாவில் உரோமச் சாடி என்று எண்ணப்பட்ட ஓடுகளில் கணிசமானவை உட்புறம் நிலக்கீல் பூசிய மெசபொத்தேமியச் சாடிகள் என்று எடுத்துக்காட்டினார். ஆகவே ஒவ்வோர் ஓட்டையும் கண்டவுடன் நக்கீரரை நினைத்துவிடக் கூடாது.

ஐயத்துக்கு இடமின்றி மத்தியதரைக் கடலைச் சேர்ந்த தேறல் சாடிகள் முக்கியமாக இரண்டு திசைகளைக் காட்டுகின்றன. ஒன்று கிரேக்கத் தீவாகிய கோஸும், அந்தத் தீவின் சாடி வடிவத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்டவையும். மற்றொன்று நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சூழ்ந்த கம்பானியா. கம்பானியச் சாடியைக் கண்டறிவது எளிது. அதன் களிமண்ணில் வெசூவியசு உமிழ்ந்த கரிய எரிமலை மணல் துகள்கள் மின்னும். ஒரு சாடி 26 லிட்டர் அளவு கொள்ளும். உள்ளே கீல் பூசப்பட்டிருக்கும். கம்பானியாவிலிருந்து அலெக்சாந்திரியா, அங்கிருந்து நைல் ஆற்றில் கொப்தோசு, பின்பு பாலைவழியே ஒட்டகத்தில் செங்கடல் துறை, ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து நம் நாடு. இத்தனை கைகள் மாறி, இத்தனை வெயில் தாங்கி வந்து சேர்ந்ததைத்தான் நக்கீரர் 'குளிர்ந்தது' என்கிறார். அதைக் குளிரவைத்த பாண்டியனின் பணியாளர் யாரோ, அவர் பாராட்டுக்கு உரியவர்.

சரி, அது சிவப்பா? இங்கே பிளினி என்ற உரோம அறிஞர் எழுதிய ஒரு குறிப்பு உதவுகிறது. கோஸ் தீவின் தேறலில் கடல்நீர் கலக்கும் வழக்கம் உண்டு. அது எப்படித் தோன்றியது என்பதற்கு அவர் சொல்லும் காரணம் சுவையானது. ஓர் அடிமை திருட்டுத்தனமாக அளவைச் சரிக்கட்டக் கடல்நீரை ஊற்றினானாம்; அதுவே புகழ்பெற்ற செய்முறையாகிவிட்டது. இதையே வெள்ளைச் சாற்றில் செய்தால் 'வெண்கோஸ்' என்ற பொருளுடைய தனிப்பெயர் பெறும் என்று பிளினி தொடர்கிறார். வெள்ளைக்குத் தனி அடைமொழி வேண்டியிருந்தது என்றால், அடைமொழியின்றி 'கோஸ்' என்று வழங்கியது வெள்ளையாக இருந்திராது என்பது என் கருத்து. இலக்கணம் படித்த இந்த அவைக்கு இந்த வாதத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 'வெண்தாமரை' என்று ஒருவர் அழுத்திச் சொன்னால், வெறுந்தாமரை செந்தாமரைதானே!

கம்பானியாவைப் பொறுத்தவரை இரு நிறமும் உண்டு. உரோமர் தலைமேல் வைத்துக் கொண்டாடிய பலேர்னத் தேறல் பொன்னிறமாக முதிர்வது. நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் ஒரே தேறல் அதுதான் என்று பிளினி எழுதினார். ஔவையார் புறம் 392இல், அதியமான் மகன் பொகுட்டெழினி பொற்கலத்தில் அளித்த முதிர்ந்த தேறலைத் தேள் கொட்டியதன் கடுப்போடு ஒப்பிட்டதும், நல்லியக்கோடன் அரண்மனைத் தேறலை நத்தத்தனார் சினந்த பாம்போடு ஒப்பிட்டதும் நினைவுக்கு வருகின்றன. பிளினி தீயைக் கொண்டுவந்தார். நம்மவர்கள் நஞ்சைக் கொண்டுவந்தார்கள். வீறுடைய குடிவகைக்கு உவமை தேடும்போது எல்லா நாட்டிலும் கவிஞன் இனிமையை விட்டுவிட்டு வலியைத் தேடுகிறான் என்பது வியப்பானது.

அந்தக் காலத்துக் கொடிகளுள் எது இன்று எஞ்சியிருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அதே மண்ணில், அதே எரிமலைச் சாம்பலில் இன்று வேரூன்றி நிற்கும் கருந்திராட்சை ஒன்று உண்டு. அதன் பெயர் அலியானிக்கோ. இந்தப் பெயர் 'ஹெல்லெனிக்' என்பதன், அதாவது கிரேக்கம் என்பதன் திரிபு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அப்படியானால் அது யவனக் கொடி என்றே பெயர் பெற்றதாகிவிடும்! மொழியறிஞர்கள் இதை இன்று ஏற்பதில்லை. நமக்கு இனிப்பாக இருப்பதாலேயே ஒரு சொற்பிறப்பு உண்மையாகிவிடாது. தமிழில் இந்த நோயை நாம் அதிகம் கண்டவர்கள்.

அலியானிக்கோ நிதானமான கொடி. மற்றத் திராட்சைகள் அறுவடையாகி, சாறாகி, சாடி ஏறிய பின்பும் அது கொடியிலேயே தொங்கும். அக்டோபர் முடிந்து நவம்பரில், மலைக்காற்று சில்லிடத் தொடங்கிய பிறகு பறிப்பார்கள். அவெல்லீனோ மாவட்டத்து மலைச்சரிவுகளில் இதிலிருந்து தௌராசி என்னும் தேறல் எடுக்கப்படுகிறது. 1993இல் அதற்கு இத்தாலியின் மிக உயர்ந்த புவிசார் தகுதி கிடைத்தது. அந்தப் பெயரைத் தாங்க நூற்றுக்கு 85 பங்கேனும் அலியானிக்கோ இருக்க வேண்டும். மூன்றாண்டுகளேனும் முதிர வேண்டும். தெற்கே வுல்தூரே என்ற அணைந்த எரிமலையின் சரிவுகளிலும் இந்தக் கொடி விளைகிறது. பொம்பெயி இடிபாடுகளுக்குள்ளேயே பழைய கொடிக்குழிகளின் தடம் பார்த்து மறுபடியும் திராட்சை நட்டு, 2001இல் முதல் அறுவடை செய்தார்கள். அங்கும் உள்ளூர்க் கருந்திராட்சைகளே நடப்பட்டன.

இதன் சாற்றைப் பிழிந்தவுடன் பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். கருந்திராட்சையின் நிறம் தோலில் இருக்கிறது, சதையில் இல்லை. தோலையும் விதையையும் நீக்காமல் சாற்றோடு சேர்த்து நொதிக்கவிட்டால், நாள் செல்லச் செல்லச் சிவப்பு இறங்கும். அந்தச் சிவப்போடு இன்னொன்றும் இறங்கும். அதுதான் நாவைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. இரண்டும் ஒரே இடத்திலிருந்து, ஒரே வேளையில் வருகின்றன. நிறம் ஆழ்ந்த தேறல் பெரும்பாலும் துவர்ப்பும் ஆழ்ந்ததாக இருப்பது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் தமிழ் என்னைத் திடுக்கிட வைத்தது. 'துவர்' என்றால் நம் மொழியில் துவர்ப்புச் சுவை; துவர் என்றால் சிவப்பு; பவளத்துக்கும் அதுவே பெயர். துவரிதழ், துவராடை என்கிறோம். புத்தத் துறவியர் துவராடை உடுத்தியவர் என்று எத்தனையோ இடங்களில் படித்திருக்கிறோம். சுவைப் பெயரும் நிறப் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மரப்பட்டையும் கடுக்காயும் கொண்டு துணிக்குத் துவரூட்டியவனின் கைக்கு, நாக்கைச் சுருக்கும் பொருளும் துணியைச் சிவக்கவைக்கும் பொருளும் ஒரே அண்டாவில் கிடந்தன. அவன் இரண்டுக்கும் ஒரு சொல் வைத்தான். ஐரோப்பிய மொழிகளில் நிறத்துக்கு ஒரு சொல், சுவைக்கு வேறொரு சொல் என்று இரண்டைக் கொண்டு விளக்க வேண்டியதைத் தமிழ் ஒரே அசையெடுப்பில் சொல்லிவிடுகிறது. கொடிகளே இல்லாத நாட்டில், அந்தக் கொடியின் தேறலுக்குப் பொருத்தமான சொல் முன்பே காத்திருந்தது.

துவர்ப்பு நமக்குத் தெரியாத சுவையா? அறுசுவையில் ஒன்றாக எண்ணியவர்கள் நாம். வாழைப்பூவில் உண்டு, நாவற்பழத்தில் உண்டு, கடுக்காயில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாக்கில் உண்டு. கறிவிருந்து முடிந்ததும் வெற்றிலை பாக்கு எதற்காக? நெய்யும் கொழுப்பும் படிந்த நாவைத் துவர் சுருக்கித் துடைக்கிறது. வாய் மீண்டும் புதிதாகிறது. துவர்ப்பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் உலர்ந்தாற்போல் ஆகிறது என்று அறிவியலார் சொல்வர். கொழுத்த இறைச்சி வாயில் இருந்தால் அது அந்தப் புரதத்தையும் கொழுப்பையும் பற்றிக்கொள்ளும். துவர்ப்பு மென்மையாகத் தோன்றும், இறைச்சியும் திகட்டாது. இத்தாலியன் தன் துவரை ஒவ்வொரு கவளத்துக்கும் இடையே எடுத்துக்கொள்கிறான். தமிழன் இலையை மடித்த பின் எடுத்துக்கொள்கிறான். வாய் சிவப்பது இருவருக்கும் பொது.

இனி எதனோடு எது சேரும் என்ற கேள்வி. அலியானிக்கோ விளையும் மலைகளில் அதை ஆட்டுக்கறியோடும், முதிர்ந்த பாலாடைக்கட்டியோடும், நெடுநேரம் அடுப்பில் வெந்த இறைச்சிக் குழம்போடும் உண்கிறார்கள். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் கரிகாலன் விருந்தைச் சொல்லுமிடத்தை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். அறுகம்புல் மேய்ந்து கொழுத்த செம்மறியின் தொடைக்கறி, இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுந்துண்டங்கள், இடையிடையே நிறைத்து நிறைத்துத் தந்த கலங்கள். இரவும் பகலும் கறியை மென்று மென்று, உழுத கொழுவைப் போலப் பல் தேய்ந்தது என்று பொருநன் சொல்கிறான். அந்த விருந்துக்கு யவனர் தேறல் வந்தது என்று பாட்டில் இல்லை. வந்திருந்தால் அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

கடற்கரைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. எயிற்பட்டினத்து நுளைமகள் அரித்துத் தந்த பழந்தேறலுக்கு உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருகிறாள். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிப் பிழிக்குச் சுட்ட மீன் துணையாகிறது. மீனோடு சிவப்புத் தேறல் ஆகாது என்பது ஐரோப்பியரின் பழைய விதி. காரணம் நெடுநாள் விளங்காமலிருந்தது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தேறலில் கரைந்துள்ள இரும்பு மீனெண்ணெயோடு சேர்ந்து கவிச்சு வாடையைக் கிளப்புகிறது என்று கண்டறிந்தார்கள். நம் நுளைமகள் தந்ததில் திராட்சைத் தோலும் இல்லை, அதன் துவரும் இல்லை. ஆகவே மீனுக்குக் குறைவு வரவில்லை. அந்தந்த நிலத்து உணவுக்கு அந்தந்த நிலத்துப் பானம் என்ற பொருத்தத்தைப் புலவர்கள் எங்கும் பிழைபடப் பாடவில்லை. திணை மயக்கம் பாட்டில் வரலாம், பந்தியில் வரவில்லை.

நம்முடைய இன்றைய சமையலுக்கு இந்தத் துவர்த் தேறல் ஒத்துப்போகுமா என்று கேட்டால், கடலூர் மீன்குழம்புக்கு ஒத்துப்போகாது என்றே சொல்வேன். மிளகாயின் எரிவும் தேறலின் வெறியும் ஒன்றையொன்று தூண்டிவிடும். துவர்ப்பு கசப்பாக மாறும். சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சுக்கும் அப்படியே. அதற்கு இட்டிலியே துணை, வேறு எதுவும் வேண்டாம். ஆனால் மிளகாய் நமக்கு வந்தது போர்த்துக்கீசியர் காலத்தில். நன்மாறன் காலத்துச் சமையலறையில் காரம் என்றால் மிளகுதான். மிளகிட்டுச் சுட்ட கொழுத்த கறிக்கும் துவர்த் தேறலுக்கும் எந்தப் பகையும் இல்லை. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கப்பல் எதை இறக்கிவிட்டு எதை ஏற்றிச் சென்றது? தேறலை இறக்கி மிளகை ஏற்றியது. உரோமச் செல்வன் தன் கறியில் தூவியதும், பாண்டியன் தன் கிண்ணத்தில் ஏந்தியதும் ஒரே வாணிகத்தின் இரு கரைகள்.

இவ்வளவையும் சொன்னது எதற்காக என்றால், நம் மொழிபெயர்ப்பாளர்களுக்காக. இந்த வட்டத்திலேயே பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலம் வழியாகவும் கவிதைகளையும் நாவல்களையும் தமிழுக்குக் கொண்டுவருவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'ஒயின்' வரும்போதெல்லாம் இடர்ப்பாடுதான். கைக்கு எட்டுவன மூன்று சொற்கள். முதலாவது 'மது'. பட்டினப்பாலையில் அது அழகிய சொல். ஆனால் 1937இல் சேலத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971இல் நீங்கி, மறுபடியும் வந்துபோன மதுவிலக்கு அந்தச் சொல்லின்மேல் ஒரு குற்றப்பத்திரிகையை ஒட்டிவிட்டது. ஒரு பிரெஞ்சுக் குடியானவன் வயலிலிருந்து வந்து ரொட்டியோடு ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்கிறான். தமிழில் அவன் "மது அருந்தினான்" ஆகிறான். படிப்பவர் மனத்தில் அவன் மனைவி அழத் தொடங்கிவிடுகிறாள். அது நாவலாசிரியர் எழுதாத கண்ணீர்.

இரண்டாவது 'திராட்சரசம்'. விவிலியத் தமிழ் தந்த இந்தச் சொல்லுக்கு ஒரு தூய்மை உண்டு. ஆனால் அது ரசத்தோடு, சாற்றோடு நின்றுவிடுகிறது. நொதிப்பும் முதிர்ச்சியும் அதில் தெரிவதில்லை. யாழ்ப்பாணத்தார் திராட்சையை 'முந்திரிகை' என்பர். அந்தப் பழஞ்சொல்லை நாம் முந்திரிக்கொட்டைக்குக் கொடுத்துவிட்டோம். மூன்றாவது 'ஒயின்' என்பதே. இதற்கு நேர்ந்த கதி உங்களுக்குத் தெரியும். நம் ஊர்களில் தனியார் நடத்திய கடைகளில் 'ஒயின்ஸ்' என்று பலகை தொங்கியது. உள்ளே ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைத்தது. 2003இல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனம் ஏற்ற பின்னும் பேச்சுவழக்கில் 'ஒயின்ஷாப்' நீடிக்கிறது.

ஆகவே 'தேறல்' என்ற சொல்லை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். வெள்ளைக்கு 'வெண்தேறல்', சிவப்புக்கு 'துவர்த் தேறல்'. செந்தேறல் என்றும் சொல்லலாம். ஆனால் அதில் நிறம் மட்டுமே உண்டு, நாக்கு இல்லை. பழந்தமிழில் தேறல் அரிசியாலும் தேனாலும் ஆனதாயிற்றே, அதைத் திராட்சைக்குத் தரலாமா என்று ஒரு தடை எழலாம். நக்கீரரே தந்திருக்கிறார். யவனர் கொணர்ந்ததை அவர் கள் என்றோ மட்டு என்றோ சொல்லவில்லை; தேறல் என்றார். அந்தச் சான்று போதும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் நாட்டில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவரும் இருப்பர். கடியப்பட்ட பொருளுக்கும் சரியான பெயர் வேண்டும் என்பதே என் விடை. பெயர் தெரியாததை எப்படிக் கடிவது?

நம் மண்ணின் திராட்சையைப் பற்றி ஒரு சொல். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். பன்னீர் மணம் அதற்கு உண்டு. வீறுடைய துவர் இல்லை. குளிர்காலத்தில் உறங்கி எழும் வழக்கம் அங்குள்ள கொடிக்கு இல்லை. கவாத்துச் செய்து செய்து ஆண்டு முழுதும் காய்க்க வைக்கிறார்கள். உண்ணுவதற்கு இனிய கனி அது. அலியானிக்கோவைப் போல நவம்பர் வரை மலைக்குளிரில் காத்திருந்து திரட்டும் துவரை அதனிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

கடைசியாக நன்மாறனின் கிண்ணத்துக்குத் திரும்பிவிடுகிறேன். நக்கீரர் பொன்னைச் சொன்னார், வளையலின் ஒளியைச் சொன்னார், தேறலின் குளிர்ச்சியையும் மணத்தையும் சொன்னார், நிறத்தைச் சொல்லவில்லை. ஆழ்ந்த சிவப்புத் தேறலைப் பொற்கலத்தில் வார்த்தால் அது ஏறத்தாழக் கருமையாகவே தோன்றும். நிறம் பார்க்கக் கண்ணாடிக் கலம் வேண்டும். புலவர் கண்ணுக்கு எட்டாததை விட்டு, மூக்குக்கு எட்டியதைப் பாடினார் என்று நான் நினைக்கிறேன். இதை மறுப்பவர்கள் மறுக்கலாம்; நிகழ்ச்சி முடிந்ததும் தேநீருக்கு அரை மணி நேரம் இருக்கிறது.

செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். பத்தாண்டுகளில் இந்த வட்டம் கடலூரில் கூடியிருக்கிறது, சிதம்பரத்தில் கூடியிருக்கிறது. அரிக்கமேட்டில் ஒருமுறையும் கூடவில்லை. வரும் தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போய்விட்டு, பிற்பகல் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அந்தச் சாடி ஓடுகளைப் பார்த்துவரலாம். அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கரையில் கிடக்கும் ஓடுகளை யாரும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. கவிஞர்களுக்கும் இது பொருந்தும்.